இரத்தத் தேக்கமும் பிரசவ வீட்டுப் பழக்கங்களும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் வத்தலக்குண்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது கூட்டங்களிற் கல்வியைப் பற்றியும், தொழிலைப் பற்றியும், விவாகச் செலவுகளைச் சுருக்குவதைப் பற்றியும் பலர் பலமுறை பேசக் கேட்டிருக்கின்றோம். இன்று யான் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றைப்போல மேடைக்கு உரியதாகச் சிலருக்குத் தோன்றாது. பிள்ளை பெற்ற பெண் நம் வீட்டின் உள்ளறையிற் படுத்திருக்கும் நாற்பது நாட்களைப் பற்றியது அது. ஆயினும், அந்த நாற்பது நாட்களில் ஒரு தாயை இழந்த குடும்பம் எத்தகைய நிலையை அடையும் என்பதை அறியாதார் இச்சபையில் ஒருவரும் இரார். ஆதலால் ஆடவர், பெண்டிர் என்ற வேறுபாடின்றி யாவரும் செவிசாய்க்க வேண்டுகின்றேன்.

முதற்கண் நம் தேகத்தில் இரத்தம் ஓடும் முறையைச் சிறிது நோக்குவோம். இருதயம் இரத்தத்தை வெளியே தள்ளுகின்றது. அதனைக் கொண்டுபோகும் குழாய்களுக்குத் தமனிகள் என்று பெயர். உறுப்புக்களுக்கு ஊட்டம் அளித்தபின் அந்த இரத்தத்தை மீண்டும் இருதயத்திற்குக் கொண்டுவரும் குழாய்களுக்குச் சிரைகள் என்று பெயர். நமது ஊர்ப்பக்கத்துக் கொடிக்கால்களையும் நஞ்சைகளையும் அறிந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. தமனி பாசன வாய்க்கால், சிரை வடிகால். பாய்ச்சலுக்கு எல்லாரும் கண்ணும் கருத்துமாக இருப்பர். வடிகாலை நினைப்பவர் சிலரே. ஆனால் வடிகால் அடைபட்ட கொடிக்கால் என்னவாகும் என்பதை உழவரிடம் கேட்டால் சொல்வர். தண்ணீர் குறைந்ததனால் அன்று, தண்ணீர் தேங்கியதனாலேயே வேர் அழுகிக் கொடி சாகும்.

காலிலிருந்து இரத்தம் மேல்நோக்கி ஏறவேண்டும். இருதயத்தின் உந்துதல் அவ்வளவு தூரம் சென்று திரும்புங்கால் வலிமை குன்றிவிடுகின்றது. அப்படியாயின் அதனை ஏற்றுவது யாது? நாம் நடக்கும்போது கெண்டைக்காற் சதை சுருங்கிச் சிரையைப் பிழிகின்றது. பிழியப்பட்ட இரத்தம் மேலே செல்லுகின்றது. சென்றது கீழே இறங்காதபடி சிரையின் உள்ளே சிறு கதவுகள் இருந்து தடுக்கின்றன. இக்கதவுகளை இத்தாலி தேசத்துப் பதுவா நகரத்திற் பேராசிரியராக இருந்த பாப்ரீசியஸ் என்பார் 1603-ஆம் ஆண்டில் ஒரு நூலில் விவரித்தார். அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கிலேயர், மேற்கையில் ஒரு கட்டுக் கட்டிச் சிரைகள் புடைத்தெழச் செய்து, விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்து, அக்கதவுகள் இரத்தத்தை இருதயத்தை நோக்கி மாத்திரமே விடுகின்றன என்று நிரூபித்து, 1628-ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்டார். ஆகவே, நடப்பவனுடைய கெண்டைக்கால் இரண்டாவது இருதயம் போல வேலை செய்கின்றது என்று சொல்லுதல் மிகையாகாது. பழநிக்குப் பாதயாத்திரை செல்பவர் அடிதோறும் அதனை இயக்குகின்றார். அசையாமற் படுத்திருப்பவரோ அதனை நிறுத்தி வைத்திருக்கின்றார்.

இனி இரத்தம் உறைதலைப் பற்றிச் சிறிது கூறுவேன். கையில் அரிவாள் பட்டால் இரத்தம் சிறிது நேரத்தில் உறைந்து காயத்தை அடைக்கின்றது. இக்குணம் இல்லாவிடில் நாம் உயிர் வாழ்தல் அரிது. இரத்தத்தில் உறைவிக்கும் பொருள்கள் பல எப்பொழுதும் கலந்தே இருக்கின்றன. அவற்றை அடக்கி வைக்கும் பொருள்களும் உடன் இருக்கின்றன. இவ்விரண்டும் தராசின் இரு தட்டுக்களைப் போலச் சமமாக நிற்கின்றன. காயமில்லாத குழாயின் உள்ளேயே அத்தராசு சாய்ந்து கட்டி உண்டாகுமானால், அதுவே நோய்.

ஜெர்மனி தேசத்து வைத்தியப் பேரறிஞர் ருடால்ப் விர்க்கோ என்பார், நுரையீரலில் அடைத்துக் கொல்லும் கட்டிகள் பெரும்பாலும் அங்கே உண்டானவை அல்ல, காலின் சிரைகளில் உண்டாகி இரத்தத்தோடு மிதந்து வந்து சேர்ந்தவை என்பதை 1846-ஆம் ஆண்டு முதலாகப் பல சோதனைகளாற் காட்டினார். சிரையில் இரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்களை இக்காலத்தார் அவர் பெயராலேயே வழங்குகின்றனர். ஓட்டம் மந்தமாதல் ஒன்று. குழாயின் உட்சுவர் பழுதுபடுதல் ஒன்று. இரத்தமே உறையும் சுபாவம் மிகுதல் ஒன்று.

ஈண்டு ஓர் ஐயம் எழும். இரத்தம் தேங்கினாலே உறைந்துவிடுமா? உறையாது என்பதே விடை. வில்லியம் ஹ்யூசன் என்னும் ஆங்கில ரண வைத்தியர் 1770-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒரு நாயின் கழுத்துச் சிரையை இரண்டிடங்களிற் கட்டி இரத்தத்தை அசையாமல் நிறுத்திப் பார்த்தார். சில மணி நேரம் சென்ற பின்னும் அதன் பெரும்பகுதி நீராகவே இருந்தது. பழுதில்லாத சிரையின் உட்சுவர் இரத்தத்தை உறையாமற் காக்கின்றது என்பது இதனால் விளங்கும். பின்னர் 1950-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அமெரிக்க தேசத்து வெஸ்லர் என்பார் வேறொரு சோதனை செய்தார். உறைதலைத் தூண்டும் பொருளை முயலின் இரத்தத்திற் செலுத்தி, உடனே ஒரு சிரையைக் கட்டினார். கட்டிய இடத்தில் மாத்திரம் சில நிமிஷங்களில் இரத்தம் உறைந்தது. ஓடிக்கொண்டிருந்த இடங்களில் உறையவில்லை.

இவ்விரு சோதனைகளையும் சேர்த்து நோக்கினால் உண்மை புலனாகும். தேக்கம் மாத்திரம் கட்டியை உண்டாக்குவதில்லை. ஆனால் உறையும் சுபாவம் மிகுந்த இரத்தம் தேங்குமானால் கட்டி உண்டாதல் எளிது. ஓடும் இரத்தம், தூண்டப்பட்ட உறைபொருளை அடித்துச் சென்று கரைத்துவிடுகின்றது. அடக்கும் பொருள்களைப் புதிது புதிதாகக் கொண்டுவருகின்றது. நின்ற இரத்தத்தில் இவ்விரண்டும் நடைபெறா. அன்றியும், சிரைக் கதவுகளின் பின்புறத்துச் சிறு குழிகளில் இரத்தம் தேங்குங்கால் அங்கே பிராணவாயு குறைகின்றது. அதனால் உட்சுவர் தன் காவற் குணத்தை இழந்து, உறைவதற்கு இடங்கொடுக்கின்றது. கட்டிகள் பெரும்பாலும் அக்கதவுக் குழிகளிலே தொடங்குவதற்கு இதுவே காரணம்.

சிரையை அழுத்தி ஓட்டத்தைத் தடுப்பதன் பலனை லண்டன் நகரத்தார் 1940-ஆம் ஆண்டில் அநுபவத்தில் அறிந்தனர். ஆகாய விமானங்கள் குண்டு வீசிய அக்காலத்தில், ஜனங்கள் இராமுழுவதும் பதுங்கிடங்களில் துணிச் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே உறங்கினர். நாற்காலியின் முன்சட்டம் தொடையின் அடியை அழுத்திக்கொண்டிருந்தது. அவ்வாண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், நுரையீரலிற் கட்டி அடைத்துத் திடீரென்று மாண்டவர்களின் தொகை, முந்திய ஆண்டின் அதே மாதங்களைவிட ஆறு மடங்காயிற்று என்று கீத் சிம்சன் என்னும் வைத்தியர் வெளியிட்டார். குண்டுக்குத் தப்பியவர் நாற்காலிக்குத் தப்பவில்லை. படுத்துறங்கக் கட்டில்கள் அளிக்க வேண்டும் என்ற கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

இனிப் பிரசவித்த பெண்ணிடம் வருவோம். மேற்கூறிய மூன்று காரணங்களும் ஒருங்கே கூடும் தேகம் அவளுடையது. பிரசவ காலத்தில் இரத்தம் மிகுதியாகப் போய்விடாதபடி, இயற்கையானது கர்ப்ப காலத்திலேயே அவளது இரத்தத்தில் உறைபொருள்களைப் பெருக்கி வைக்கின்றது. இஃது உறையும் சுபாவம். வளர்ந்த கருப்பை அடிவயிற்றுச் சிரைகளை அழுத்துவதாற் கால்களின் இரத்தம் மெதுவாக ஏறுகின்றது, இடக்காலில் அது இன்னும் மந்தமாகின்றது. இஃது ஓட்டத் தடை. பிரசவத்தாலும், வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுக்கும் சிகிச்சையாலும் குழாய்கள் நோகின்றன. இஃது உட்சுவரின் பழுது. பிள்ளை பிறந்தவுடன் இவை யாவும் மறைந்துவிடுவன அல்ல. முதல் ஆறு வாரங்களே அபாயம் மிகுந்தவை. பன்னிரண்டாம் வாரம் வரையில் ஓரளவு நீடிக்கும்.

கட்டி காலில் உண்டானால், ஒரு கால் மாத்திரம் வீங்கி, கெண்டைச் சதை நொந்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அது பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்றால் திடீரென்று மூச்சுத் திணறலும், மார்பு வலியும், சிலருக்கு இருமலில் இரத்தமும் தோன்றும். இவற்றினும் நம் நாட்டார் விசேஷமாக அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மூளையின் இரத்தத்தை வடிக்கும் பெருஞ்சிரைகளிலும் இக்கட்டி உண்டாகும். வடிகால் அடைபட்டால் மேல்வயலில் நீர் மேவுவதுபோல, மூளையில் இரத்தம் தேங்கி, வீக்கமும், சிலரிடம் இரத்தக் கசிவும் உண்டாகின்றன. பிரசவித்து ஓரிரு வாரங்கள் சென்றபின், நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, கண் மங்கல், வலிப்பு, ஒரு பக்கம் கைகால் விழுதல், பிதற்றல், நினைவு தப்புதல் ஆகியவை அதன் குறிகள்.

இந்நோய் எங்கோ தூர தேசத்தில் நிகழ்வது என்று எண்ணிவிடாதீர்கள். நமது அண்டை நகரமாகிய மதுரையில், 1954-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மருத்துவக் கல்லூரியில் நரம்பு நோய்களை ஆராய்ந்த டாக்டர் கே. சீனிவாசன் அவர்கள், கர்ப்பிணிகளிடத்தும் பிரசவித்த பெண்களிடத்தும் மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபட்ட 135 பேரைப் பற்றிய ஆராய்ச்சியை 1983-ஆம் ஆண்டில் வெளியிட்டார். உலகத்து வைத்தியர்கள் இந்நோயைப் பற்றி எழுதுங்கால் இன்றும் எடுத்துக்காட்டும் கட்டுரைகளுள் அதுவும் ஒன்று. இளவயதினரை வீழ்த்தும் பக்கவாதத்திற்கு நம் தேசத்தில் இதுவும் ஒரு முக்கிய காரணம் என்பதை அவருடைய எழுத்துக்கள் உலகுக்கு உணர்த்தின. மதுரை ஆஸ்பத்திரியின் வாயிலுக்கு வந்தவர்களின் கணக்கு அது. வாயிலை எட்டாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை எக்கணக்கிற் சேர்ப்பது?

அத்தகையோருக்கு நம் முன்னோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. பிரசவித்த பெண்ணுக்கு வலிப்புக் கண்டால் "ஜன்னி கண்டது" என்பர், பிதற்றினாற் "காற்றுச் சேஷ்டை" என்பர், வேப்பிலை அடிப்பர், தாயத்துக் கட்டுவர். அவர்களைக் குறைகூற நமக்கு நியாயமில்லை. கண்ணுக்குத் தெரியாத கட்டியை அவர்கள் எங்ஙனம் அறிவர்? ஆனால் இன்று படம் பிடித்துக் காட்டும் யந்திரங்கள் இருக்கும்போதும் நாம் முதலில் மந்திரிப்பவரைத் தேடி, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியைத் தேடுவோமாயின், அதற்கு நியாயம் கூற இயலாது. ஜன்னி என்னும் அப்பெயருள் வேறு கொடிய நோய்களும் அடங்கும். அவையும் உடனே சிகிச்சை வேண்டுவனவே.

தமிழ்நாட்டில் 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலேயே நடைபெறுகின்றன. இது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. ஆயினும் ஒன்றைச் சிந்தியுங்கள். ஆஸ்பத்திரியில் அவள் இருப்பது சில தினங்கள். நோய் தோன்றும் வாரங்களில் அவள் இருப்பது தாய்வீட்டில். அங்கே வைத்தியர் இல்லை, தாதி இல்லை. இருப்பவர் தாயும், பாட்டியும், அத்தையும். ஆகவே அந்த வாரங்களில் அவள் உயிருக்குக் காவல் அவர்களே.

மூதாட்டிமார்களே! உங்கள் பழக்கங்களை யான் பழிக்க வரவில்லை. பிள்ளை பெற்றவளை வீட்டு வேலையினின்றும் நீக்கி, வேளைக்கு உணவளித்து, உடம்பைத் தேற்றும் நம் வழக்கம் மிகவும் உயர்ந்தது. காயமும் பூண்டும் சேர்ந்த பத்திய உணவில் தீங்கில்லை. அதனோடு சேர்ந்துவிட்ட இரண்டு பழக்கங்களை மாத்திரம் கைவிடும்படி கேட்கின்றேன்.

ஒன்று, தண்ணீரை அளந்து கொடுத்தல். "தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், பச்சையுடம்பு ஊதிவிடும்" என்று சொல்லி, நாளொன்றுக்கு இரண்டு குவளைக்கு மேல் கொடாத வீடுகள் நம்மிடையே இன்றும் உள்ளன. வியர்வையாலும், தாய்ப்பால் சுரப்பதாலும் அவள் இழக்கும் நீர் மிகுதி. அதனை ஈடுசெய்யாவிடில் இரத்தம் தடிக்கும். தடித்த இரத்தம் மெதுவாக ஓடும். அதன் முடிவை முன்னரே கூறினேன். மூளைச் சிரை அடைப்புக்குத் துணைசெய்யும் காரணங்களில் நீர் வறட்சியும் இரத்த சோகையும் உண்டு என்று நம் நாட்டு வைத்தியர்கள் கருதுகின்றனர். வெந்நீராகவே கொடுங்கள், சீரகம் இட்டுக் கொடுங்கள், அதற்குத் தடையில்லை. தாகம் தீரக் கொடுங்கள், தாகம் எடுக்குமுன்னும் கொடுங்கள். இருதய நோயும் சிறுநீரக நோயும் உடையவர்கள் மாத்திரம் வைத்தியர் சொல்லும் அளவைக் கொள்ளட்டும்.

மற்றொன்று, எழவிடாமற் படுக்க வைத்தல். ஓய்வு வேறு, அசையாமை வேறு. வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்த பெண்ணையும், வைத்தியர்கள் பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நடக்கச் சொல்லுகின்றனர். அது இரக்கமின்மை அன்று; கெண்டைக்காலை இயங்கச் செய்யும் சூட்சுமம். வீட்டிற்கு வந்தபின் அவளை மீண்டும் அசையாமற் கிடத்தினால், ஆஸ்பத்திரியார் செய்த நன்மையை நாம் அழித்தவர்களாவோம். அறைக்குள்ளேயும் முற்றத்திலும் பலமுறை சிறிது சிறிதாக நடக்கட்டும். படுத்திருக்கும்போதும் பாதங்களை மேலும் கீழும் அசைக்கட்டும். காலை மடக்கி நெடுநேரம் ஒரே நிலையில் அமர வேண்டாம்.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு கால் மாத்திரம் வீங்கினால், நீர் இறங்கியிருக்கிறது என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். உள்ளே கட்டி இருக்குமானால் உருவுதலால் அது பெயர்ந்து நுரையீரலுக்குச் செல்லக்கூடும். தொடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதே செய்யத்தக்கது.

சிகிச்சை உண்டா என்று கேட்பீர்கள். நல்ல சிகிச்சை உண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஜே மக்லீன் என்னும் மாணவர் 1916-ஆம் ஆண்டில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஒரு பொருளைக் கண்டார். அந்த ஆராய்ச்சி வழியாக வந்ததே ஹெப்பாரின் என்னும் ஊசி மருந்து. பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் பெருகி மாண்டதை ஆராயப் புகுந்த கார்ல் லிங்க் என்பாரின் உழைப்பினால் வார்பரின் என்னும் மாத்திரை பிறந்தது. மாடுகளைக் கொன்ற நஞ்சே அளவறிந்து கொடுக்குங்கால் மனிதரைக் காக்கும் மருந்தாயிற்று.

மூளையில் இரத்தம் கசிந்திருக்கும்போது உறையாமற் செய்யும் மருந்தைக் கொடுக்கலாமா என்று வைத்தியர்களே நெடுநாள் அஞ்சினர். ஜெர்மனியில் ஐன்ஹோய்ப்பல் என்பாரும் அவர் கூட்டத்தாரும் மூளைச் சிரை அடைபட்ட 20 நோயாளிகளை இரு பகுதியாக்கிச் சோதித்து 1991-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஹெப்பாரின் பெற்ற 10 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. பெறாத 10 பேரில் மூவர் இறந்தனர். தொகை சிறிது, ஆயினும் அது வைத்தியர்களின் அச்சத்தைப் போக்கி வழி காட்டிற்று. அடைபட்ட வடிகாலைத் திறப்பதே மேல்வயலின் கரை உடையாமற் காக்கும் வழி அன்றோ? இம்மருந்துகளை உண்பவர் குறித்த நாட்களில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கி உண்ணலாகாது. நலமாயிற்று என்று தாமே நிறுத்தவும் கூடாது. பாலூட்டும் தாய் எதனைக் கொள்ளலாம் என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். பாலூட்டுவதற்குத் தடையில்லாத மருந்துகள் உள்ளன.

இடமும் தூரமும் இப்போது முன்போல் இல்லை. 2008-ஆம் ஆண்டு முதல் 108 என்ற எண்ணுக்குச் சொன்னால் வாகனம் வருகின்றது. 2022-ஆம் ஆண்டில் திண்டுக்கல்லில் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியும் எட்டாத தூரத்தில் இல்லை. மலைமேல் கொடைக்கானற் பக்கத்துச் சிற்றூர்களில் வாழும் நம்மவர் மாத்திரம், மலைப்பாதையில் இறங்கும் நேரத்தையும் கணக்கிட்டு, குறி கண்டவுடனே புறப்பட வேண்டும். நல்ல நாழிகை பார்த்துப் புறப்படும் பிரயாணம் அன்று இது.

அன்பர்களே! சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம் செய்துகொண்டு முடிக்கின்றேன். நம் சங்கத்தில் வளைகாப்புக்கும் பெயரிடுதலுக்கும் வாழ்த்து மடல் அனுப்பும் வழக்கம் உண்டு. இனி அம்மடலின் பின்புறத்தில் ஐந்து வரிகளை அச்சிட்டு அனுப்புங்கள்: தாய்க்குத் தாகம் தீரத் தண்ணீர் கொடுக்க, தினமும் நடக்கவிடுக, ஒரு கால் வீங்கினால் உருவாதிருக்க, மூச்சுத் திணறினாலும், தலைவலி விடாது வளர்ந்தாலும், வலிப்புக் கண்டாலும் அக்கணமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க, பிரசவித்து எத்தனை நாளாயிற்று என்பதை வைத்தியரிடம் தவறாமற் சொல்க. இந்தக் கடைசி வரியை அற்பமாக எண்ணாதீர்கள். பிரசவித்தவள் என்று அறியாத வைத்தியர் வெறும் தலைவலி என்று எண்ணி அனுப்பிவிடக்கூடும். அறிந்தவரோ உடனே படம் எடுத்துப் பார்ப்பார்.

இதற்கு ஆகும் செலவு சிறிது மையும் காகிதமும். அவ்வரிகளைப் படித்த ஒரு பாட்டி, பேத்தியின் கையில் இன்னும் ஒரு குவளை வெந்நீரைக் கொடுத்து, "எழுந்து முற்றம் வரை நடந்து வா அம்மா" என்று சொல்லுவாளாயின், நமது சங்கம் இவ்வாண்டு செய்த பணிகளுள் அதுவே தலையாயதாகும் என்பது என் துணிபு.